வெடிக்குப் பதில் சொல்லும் கார்

ஒரு காரின் கதவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்ததுண்டா? நான் போன மழைக்காலம் வரை பார்த்ததில்லை. கதவு என்றால் திறக்கும், மூடும், சேலை முந்தானையைக் கவ்வும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கரமனையில் ஜெபராஜின் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஜெபராஜ் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவன். தாத்தா காலத்தில் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பம். அவன் ஸ்குருக்களைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கிளிப்புகள் படபடவென்று விட்டுக்கொடுத்தன. அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள். அதையும் உரித்தால், உள்ளே வெறும் இருட்டுப் பொந்து, இரண்டு மூன்று மெல்லிய கம்பிகள், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒரு இரும்புக் கை.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போனேன்.

"மேடம், கிட்ட வராதீங்க. தகரம் கீறும்."

"ஏன், என் காருதானே?"

"பின்னே, உங்க காரு தன்னே. பாருங்க, எத்தற வேணும்னாலும் பாருங்க. தொட மாத்திரம் வேண்டாம்."

பொந்துக்குள் கையை விட்டுத் துழாவியவன், ஒரு பச்சை கிரேயான் துண்டையும் பொத்தான் ஒன்றையும் வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக விழுந்தவையாம். நான் காரைப் பழசாகத்தான் வாங்கினேன். எனக்கு முன்னால் அதில் ஒரு குழந்தை போய் வந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன படம் வரைந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

நாலு கதவு, ஒரு கால்

இந்தத் தொடரில் என் காரைப் பற்றி அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அதன் கதவுகளைப் பற்றிச் சொன்னதில்லை. புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: எனக்கு இடது காலில் சிறுவயதிலேயே போலியோ. தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் போட்டுத்தான் நடப்பேன். சமதளம் என்றால் அது போதும். ஈரத் தரை, ஏற்றம் என்றால் கைத்தடியும் வேண்டும்.

கார் எல்லாவற்றிலும் கீழ்ப்படியில் உள்ள மாடல். கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். இடது காலுக்கு வேலை வைக்கிற கிளட்சை மட்டும் கியர்க் கம்பியில் பிடித்து அமுக்கும்படி மாற்றி வாங்கியிருந்தேன். அதைச் செய்தவுடன் உலகமே எனக்குத் திறந்துவிட்டதாக நினைத்தேன். கதவுகளை மறந்துவிட்டேன்.

பழைய கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கதவிலும் ஜன்னலோரம் ஒரு குமிழ் இருக்கும். அதைத் தனித்தனியாக அமுக்கினால்தான் அந்தக் கதவு பூட்டும். உங்களுக்கு அது பெரிய காரியமில்லை, ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுப் போவீர்கள். காலிப்பர் போட்டவளுக்கு, பக்கத்துக் காருக்கும் என் காருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி ஒரு சுற்று வருவது காலையில் ஆபீஸ் வேலையே பாதி முடிந்த மாதிரி.

நான் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வழியில் கூட வேலை செய்கிற பெண்களை ஏற்றிக்கொள்வேன். எல்லாம் தங்கமான பிள்ளைகள். ஆனால் காதில் போனை வைத்துக்கொண்டே இறங்கி, குமிழை அமுக்காமல் கதவை அறைந்துவிட்டுப் போவார்கள். "அடியே, குமிழு!" என்று நான் கத்துவது அந்த வளாகத்தில் பிரசித்தம்.

குடைத் திருடன்

இடவப்பாதி என்று இங்கே சொல்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. காலையில் வெயில் அடித்ததால் கைத்தடியையும் குடையையும் பின் சீட்டிலேயே போட்டுவிட்டு ஆபீசுக்குள் போனேன். சாயங்காலம் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. ஒரு பெண் தன் குடையில் கார் வரை கொண்டுவிட்டாள். வீட்டு கேட்டின் முன் வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறக்க இறங்கலாம் என்று பின்னால் கையை நீட்டினால் வெறும் சீட்டுதான் இருக்கிறது.

யாரோ கதவைத் திறந்து குடையை எடுத்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கியவன் குடையை எடுத்தான், சரி. கைத்தடியை என்னத்துக்கு எடுத்தான்? இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை.

கோபத்தில் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு பாஸ்கரன் சார் வந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார், மகள் பெங்களூரில். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மலையாளத்தில் தமிழைக் கலந்து அவர் பேசுவார், தமிழில் மலையாளத்தைக் கலந்து நான் பேசுவேன். கேட்டைத் திறந்துவிட்டார், வாசல் வரை பிடித்துக்கொண்டு வந்தார். அதோடு நின்றிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போய் நாகர்கோவிலில் இருக்கிற என் தம்பிக்குப் போன் செய்துவிட்டார்.

தம்பி சிவதாணு அன்பான பிள்ளை. அன்புதான் தொல்லையே. "அக்காவைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று தெருவில் பாதிப் பேரிடம் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். நான் தலை துவட்டி முடிப்பதற்குள் அவன் போன் வந்துவிட்டது.

"எக்கா, போதும் கேட்டியா. ஒண்ணு டிரைவர் வச்சுக்க. இல்லன்னா காரை வித்துட்டு இங்க வா. கீழயே ஒனக்குன்னு ஒரு ரூம் கெட்டிப் போட்டிருக்கேன்லா?"

"ஒரு குடை போனதுக்கா காரை விக்கச் சொல்லுகே?"

"குடையா போச்சு? ஒன் கம்பு போச்சு. நாளைக்கு ஆளில்லாத எடத்துல இப்பிடி மாட்டிக்கிட்டா?"

நான் பேரம் பேசினேன். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டும்படி செய்கிறேன், அலாரமும் வைக்கிறேன், அதற்கு மேலும் ஏதாவது ஒன்று நடந்தால் நீ சொன்னபடி கேட்கிறேன் என்றேன். அவன் உடனே ஒத்துக்கொண்டான். ஏதாவது ஒன்று நடக்காமலா போகும் என்று நினைத்திருப்பான்.

எனக்கு அந்தக் கார் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். காலேஜுக்கு அப்பா கொண்டுவிட்டார், வேலைக்குத் தம்பி கொண்டுவிட்டான். யாராவது வரும்வரை வாசலில் காத்திருந்தே பாதி வயது போனது. நினைத்த நேரத்தில், நினைத்த இடத்துக்கு, யாரையும் கேட்காமல் போவது இந்தக் காரில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பொன்முடி மலைக்குத் தனியாக ஓட்டிப் போய், மஞ்சுக்குள் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லை. டிரைவர் வைத்தால் அது போய்விடும்.

பூனை ஏறினாலும் அலறும்

ஜெபராஜின் கடைக்குத் திரும்புவோம். அவன் ஒவ்வொரு கதவின் பொந்திலும் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன மோட்டாரைத் திருகினான். அதிலிருந்து நீண்ட கம்பியை, குமிழைத் தூக்குகிற பழைய கம்பியோடு சேர்த்துக் கவ்வினான். அவ்வளவுதான் சூட்சுமம். முன்பு என் விரல் செய்ததை இப்போது மோட்டார் செய்கிறது. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய் வழியாக வயரை உள்ளே கொண்டுபோகத்தான் அவன் அதிகம் திட்டினான். மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தான்.

டிரைவர் கதவில் உள்ள மோட்டாருக்கு மட்டும் வயர் அதிகமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"இதுதான் லீடர் மேடம். இது சொல்லும், மத்த மூணும் கேக்கும்."

"மத்ததிலே ஒண்ணு கேக்கலேன்னா?"

"அதெப்படி கேக்காம இருக்கும்? நான் செஞ்சதல்லே!"

ரிமோட்டை என் கையில் கொடுத்தான். அமுக்கினேன். நாலு குமிழும் ஒரே நேரத்தில் டொக்கென்று உள்ளே இறங்கின. விளக்குகள் கண் சிமிட்டின. மறுபடி அமுக்கினேன், நாலும் எழுந்தன. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. விளையாட்டுப் பொம்மை கிடைத்ததுபோல அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"மேடம், மதி, போதும். மோட்டார் சூடாகும்."

அலாரத்துக்கு அதிர்வைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு திருகு. எவ்வளவு தட்டினால் அலற வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் தீர்மானிக்கும். ஜெபராஜ் அதைக் கடைசி வரை திருகிவிட்டு, பானட்டில் இரண்டு விரலால் தட்டினான். தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஃபுல்லா வச்சாச்சு. பூனை ஏறினாலும் அலறும். உங்களுக்குன்னு ஸ்பெஷல்."

ரிமோட்டில் சிவப்பாக இன்னொரு பொத்தானும் இருந்தது. யாரும் தொடாமலே காரை அலற வைக்க அது. ஆபத்துக்கு என்றான். எனக்கென்ன ஆபத்து என்று நினைத்துக்கொண்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பாவம் செய்யாத கார்

எங்கள் தெரு முனையில் ஒரு அம்மன் கோவில். தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: இங்கே பல கோவில்களில் வெடி ஒரு வழிபாடு. அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குவதுபோல வெடிக்கும் சீட்டு வாங்கலாம். மைக்கில் உங்கள் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்வார்கள். பின்பக்கம் ஒருவர் இரும்புக் குழாயில் மருந்தை இடித்து வைத்துத் திரி கொளுத்துவார். டமார் என்று நெஞ்சு அதிரும். அம்மனுக்கு அது பிடிக்கும். நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்பதால் தூக்கத்தில் புரண்டுகூடப் படுக்க மாட்டோம்.

கார் அப்படி இல்லை.

மறுநாள் காலை மைக்கில் "ராதாமணி, அஸ்வதி, ஒரு வெடி" என்று வந்தது. டமார். உடனே என் கார் வீறிட்டது. அணைத்தேன். "அனில்குமார், பூயம், ஒரு வெடி." டமார். கார் மறுபடி வீறிட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தலை. ராதாமணிக்கும் அனில்குமாருக்கும் சேர்த்து என்னைத்தான் முறைத்தார்கள்.

ஜெபராஜ் வந்து திருகைக் குறைத்தான். அப்போது கண்ணாடியில் ஓங்கிக் குத்தினாலும் கார் சும்மா இருந்தது. கொஞ்சம் ஏற்றினால் வெடிக்கு அலறியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் அந்தத் திருகில் கடைசிவரை கிடைக்கவில்லை. "அம்மன் வெடியைப் பத்தி கம்பெனிக்காரனுக்கு எங்க மேடம் தெரியும்?" என்று பழியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டான்.

எனக்கோ இதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. காரை ஒருநாள் மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்துவேன், மறுநாள் வீட்டைப் பார்க்க. பின்பக்கம் தெருவைப் பார்த்தால் அலறுவது குறைவு. தண்ணீர் லாரிக்குப் பேசாமல் இருக்கும், இடிக்குச் சில சமயம் மட்டும் பதில் சொல்லும், வெடி என்றால் மட்டும் தவறவே தவறாது. உள்ளே உட்கார்ந்து அடுத்த வெடிக்குக் காத்திருந்து, எந்தக் கதவு முதலில் அதிர்கிறது என்று கையை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நிற்கும்போது அலாரம் இல்லாமல் சாவியால் பூட்டி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைக்கலாம்தான். பாஸ்கரன் சார் அதைச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எனக்கு உத்தரவாகச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே செய்திருப்பேன்.

"கோமதி, இது ஷல்யமாச்சு, பெரிய தொல்லை. ஒண்ணுகில் அதை ஆஃப் செய்யணும், அல்லெங்கில் கழட்டணும்."

"வெடி வைக்கிறவங்களை விட்டுட்டு, வெடி கேட்டுப் பயந்த காரைத் திட்டுறது என்ன நியாயம் சார்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் தம்பிக்குப் போன் செய்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. அதனால் அடுத்த வாரம் சைரனைக் கழற்றிவிடுகிறேன் என்று சம்மதித்துவிட்டு வந்தேன்.

மழையில் ஏது வெடி

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு மழைக் காலை. ஆபீசுக்குக் கிளம்பி, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, பையைக் காரின் முன் சீட்டில் போட்டேன். பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் காருக்கும் மதிலுக்கும் நடுவில் போனேன். அங்கே பாசி பிடித்திருந்ததைக் கவனிக்கவில்லை. கைத்தடி வழுக்கியது, நானும் விழுந்தேன்.

அடி பெரிதில்லை. ஆனால் காலிப்பர் முழங்காலில் பூட்டி நேராக நிற்கிறது, ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் டயர். எழுந்திருக்க வழியே இல்லை. கைத்தடி காருக்கு அடியில் உருண்டு போயிருந்தது. போன் பையில், பை சீட்டில். மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை போடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கையில் ரிமோட் மட்டும் இருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

கார் என் தலைக்கு மேல் அலறியது. ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? தினமும் காலையில் அலறுகிற கார்தானே. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. அணைத்தேன், மறுபடி அமுக்கினேன். நான்தான் இந்தத் தெருவுக்கு இப்படிப் பழக்கிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. பயந்துவிட்டேன். தம்பி சொன்ன ஆளில்லாத இடம் என் வீட்டு முற்றமாகவே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது கேட்டில் குரல் கேட்டது.

"கோமதீ! எவிடெ? எந்து பற்றி? என்னாச்சு?"

பாஸ்கரன் சார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு வந்து, டயருக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வெடி ஒண்ணும் கேட்டில்லல்லோ," என்றார். மூச்சு வாங்கியது. "மழையில ஏது வெடி? வெடி இல்லாம இது எதுக்கு அலறணும்னு பாத்தேன்."

குனிந்து என் கையைப் பிடித்து இழுக்க வந்தார். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அப்படி இழுத்தால் தோள் கழன்றுவிடும்.

"இழுக்காதீங்க சார். வராந்தாவிலே ஒரு நாற்காலி இருக்கு, அதைக் கொண்டுவந்து அசையாமப் பிடிச்சுக்கிட்டா போதும். நானே எழுந்துக்குவேன்."

கொண்டுவந்தார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். காலிப்பரின் பூட்டை விடுவித்து, நாற்காலியில் கையூன்றி, மெல்ல மெல்ல எழுந்தேன். செய்தித்தாள் நனைந்து கூழாகி அவர் காலடியில் கிடந்தது.

வராந்தாவில் உட்கார்ந்ததும் நான் முதலில் சொன்னது நன்றி இல்லை. "தம்பிக்குப் போன் பண்ணிடாதீங்க சார்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ விழுந்தது நான் கண்டில்லல்லோ," என்றார் கடைசியில். "எழுந்திரிச்சதல்லே நான் கண்டது. அதை வேணும்னா சொல்லட்டே?"

சிவதாணுவுக்கு இந்த விஷயம் இன்று வரை தெரியாது. தம்பி, இந்த வாரப் பத்திரிகையை நீ வாங்காமல் இருப்பது நல்லது.

காலைக் கேள்வி

சைரனைக் கழற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சங்கத்தில் என்ன பேசிச் சமாளித்தாரோ, கேட்கவில்லை. பாசியை மட்டும் ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தோம்.

இப்போது தினமும் காலையில் வெடி வைக்கிறார்கள். கார் அலறுகிறது. உடனே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வருகிறது: "கோமதி, வெடி தன்னே அல்லே?" நான் சமையலறையிலிருந்து கத்துகிறேன்: "வெடிதான் சார்!" யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காகக் கார் ஓட்டப் பழகியவள் நான். ஒவ்வொரு காலையும் எரிச்சலோடுதான் பதில் சொல்கிறேன்.

போன வாரம் ஒருநாள் வெடி வைத்தார்கள், கார் அலறியது, மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடுத்த வெடி, அடுத்த அலறல். அப்போதும் இல்லை. அடுப்பை அணைத்தேன். கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கி, ஈரத் தெருவில் என்னால் முடிந்த வேகத்தில் நடந்து போய் அவர் வீட்டு மணியை அமுக்கினேன். கதவு திறக்கவில்லை. மணியிலிருந்து விரலை எடுக்காமல் நின்றேன்.

கதவு திறந்தது. பாஸ்கரன் சார் வாய் நிறைய நுரையோடு, பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தா கோமதி?"

"ரெண்டு வெடி வச்சாங்க. நீங்க கேக்கலியே?"

அவர் பிரஷைத் தூக்கிக் காட்டினார். "பல்லு தேய்க்கண்டே?"

"அதை வெடிக்கு முன்னாடியே தேய்ச்சுத் தொலைக்கக் கூடாதா சார்?" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன்.